சுண்டெலி இல்லாத தீவு

மகள் அனுப்பிய குரல்செய்தி நாலு நிமிடம் ஓடியது. அதில் மூன்று நிமிடம் சாப்பாட்டைப் பற்றியே இருந்தது.

“அம்மா, வடிவாக் கேளுங்கோ. சாப்பாட்டுச் சாமான் எல்லாம் மூடி இறுகின பிளாஸ்ரிக் பெட்டிக்குள்ளதான் வரவேணும். பேப்பர்ப் பை, துணிப் பை ஒண்டும் வேண்டாம். சூட்கேஸை அடுக்க முதல் உதறிப் பாருங்கோ. இஞ்ச வந்து இறங்கினதும் ஒரு அறைக்குள்ள வச்சுத் திறந்து பாப்பினம். இது விளையாட்டில்லை.”

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஒரு சின்னத் தீவு அது. மகள் சூரிச்சில் உயிரியல் படித்து முடித்துவிட்டு, அந்தக் கோடைகாலம் முழுக்க அங்கே கடற்பறவைகளைக் கணக்கெடுக்கிற வேலைக்குப் போயிருந்தாள். தீவில் நிரந்தரமாக யாரும் குடியில்லை. வேலை செய்கிறவர்கள் தங்க ஒரு கல்வீடு, பழைய மடம் ஒன்றின் இடிபாடு, மிச்சமெல்லாம் பறவைகள். அங்கே வேலை செய்கிற பிள்ளைகளின் வீட்டார் இரண்டு இரவு வந்து தங்கலாம் என்று அனுமதி கிடைத்தது. என் கணவருக்கு உணவகச் சமையலறையில் லீவு இல்லை. நான் தனியாகப் போகவேண்டும்.

நான் எதற்கும் பயப்படுகிற ஆள். என் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. அதற்குப் பிறகு எழுத்து உள்ள எந்தக் காகிதத்தைக் கண்டாலும் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்ளும். சூரிச்சின் ஓர்லிகோன் பகுதியில் எங்கள் கடிதப்பெட்டியில், அரசாங்கக் கடிதம் வருகிற ஜன்னல் வைத்த உறை ஒன்று கிடந்தால், அவர் வேலையால் வந்து அதை உடைக்கும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது என்பது சட்டம், அன்று கண்ணாடிப் போத்தலைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டவள் இல்லை நான். கட்டிடத்துக்குப் பொதுவான உடுப்புத் தோய்க்கிற அறையில் எங்கள் முறை எட்டு மணிக்கு முடிகிறதென்றால் ஏழே முக்காலுக்கே துடைத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஆனால் பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுபோவது என்று வந்துவிட்டால், எங்கள் ஆட்களுக்கு எந்த நாட்டுச் சட்டமும் காதில் ஏறாது. கருவாட்டை ஏழு பொலித்தீனில் சுற்றிக் குழந்தையின் உடுப்புக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தவர்களை எனக்குத் தெரியும். அப்படி வந்த கருவாட்டை நானும் வெட்கமில்லாமல் வாங்கிச் சமைத்திருக்கிறேன்.

வாங்கி வைத்த மூன்று பெட்டியும் பயற்றம் பணியாரத்தாலும் மீன் கட்லட்டாலும் மிளகாய்த்தூளாலும் நிரம்பிவிட்டன. மச்சாள் ஊரில் வறுத்து அனுப்பிய சிவப்பரிசி மா இரண்டு கிலோ மிச்சம். கட்டிடத்தின் நிலவறையில், மரச்சட்டம் அடித்த எங்கள் பங்கில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அது ஒரு துணிப்பைக்குள் இருந்தது. புறப்படுகிறதுக்கு முதல்நாள் போய் எடுத்துவந்தேன்.

“இஞ்சேருங்கோ, மாவை எதுக்குள்ள வைக்க?”

“மாவோ? பிள்ளை சொன்னது உமக்கு விளங்கேல்லையோ?”

“மூண்டு மாதமா அவள் வெறும் பாணும் ஜாமுமாத் திண்டுகொண்டு கிடக்கிறாள். வீடியோவில முகத்தைப் பாத்தனீங்களோ? கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு.”

“பறவை எண்ணப் போனவளுக்குப் புட்டு அவிக்க எங்க நேரம்? நீர் போய்ப் பறவையளுக்கு அவிச்சுக் குடும்.”

அவர் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போய்விட்டார். நான் மாப்பையை அப்படியே என் கம்பளிச் சட்டைக்குள் சுற்றி, சூட்கேஸின் அடியில் வைத்தேன். அந்த வசந்தத்தில் எங்கள் லிஃப்டுக்குள் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். ஜெர்மன் முழுதும் விளங்காவிட்டாலும் சுண்டெலியின் படம் இருந்தது. நிலவறையில் சாப்பாட்டுச் சாமான் வைக்கவேண்டாம் என்று அவர் வாசித்துச் சொன்னார். அதை நான் மறந்தேன் என்று சொல்லமாட்டேன். என்னிடம் இருந்த பயமெல்லாம் அன்று பிளேனுக்கும் படகுக்கும் செலவாகிப் போயிருந்தது. சுண்டெலிக்கு மிச்சமில்லை.

படகில் பதினொரு பேர் இருந்தோம். எனக்கு நீந்தத் தெரியாது. கரையை விட்டதும் இரும்புக் கம்பியைப் பிடித்த கையை, ஒன்றேகால் மணி நேரம் கழித்துத் தீவில் இறங்கும்போதுதான் எடுத்தேன். கடல்நாய்கள் நாலைந்து தண்ணீருக்கு மேல் தலையை மட்டும் நீட்டி எங்களைப் பார்த்தன. மற்றவர்கள் படம் எடுத்தார்கள். மொட்டைத் தலை மனிதர் கழுத்தளவு தண்ணீரில் நிற்பதுபோல எனக்குப் பட்டது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

மகள் இறங்குதுறையில் நின்றாள். மெலிந்துதான் இருந்தாள், ஆனால் கறுத்து, கால்கள் இறுகி, யாரோ ஒரு மீனவப் பெண்ணைப்போல இருந்தாள். என்னைக் கட்டிப்பிடித்த கையோடு, துறையை ஒட்டிய தகர அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே நெட்டையான, நரைத்த பின்னலோடு ஒரு ஸ்கொட்லாந்துப் பெண் நின்றார். அவர்தான் தீவின் பொறுப்பாளர். மகள் அவரை மேலதிகாரி என்றுதான் சொல்லுவாள். மற்ற ஆட்களின் பைகளை அவர் பார்க்க, என் சூட்கேஸை மகள் பார்த்தாள்.

மூன்று பெட்டியையும் திறந்து மூடினாள். உடுப்புகளுக்கு மேலே கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

“இவ்வளவுதானே அம்மா? வேற ஒண்டும் இல்லையே?”

“வேற என்ன? இவ்வளவுதான்.”

அவள் கையை எடுத்துவிட்டு, சுவரில் தொங்கிய தாளில் என் பெயருக்கு நேரே தன் கையெழுத்தைப் போட்டாள். என் பொய்க்குக் கீழே பிள்ளையின் கையெழுத்து. அந்த நேரம் அது எனக்கு உறைக்கவில்லை. புட்டைக் கண்டதும் அவள் முகம் எப்படி மாறும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சூட்கேஸைக் கல்வீட்டில் எனக்குத் தந்த அறையில் வைத்துவிட்டு, மடத்தைப் பார்க்கப் போனோம். கூரை இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முதல் துறவிகள் இருந்த இடமாம். சாந்து எதுவும் பூசாமல் கல்லுக்கு மேல் கல்லாக அடுக்கிய சுவர், என் தோள் உயரத்தில் வளைந்து வளைந்து போனது. வழியில் புல்மேட்டில் சிவப்புச் சொண்டுப் பறவைகள், பஃபின் என்று பெயர், கலியாண வீட்டுக்கு வந்தவர்கள்போல அங்குமிங்கும் நின்றன. அவற்றைப் பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது.

மகளின் வேலை அந்தச் சுவரில்தான். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் உள்ள பொந்துகளில் குருவியளவு கறுப்புக் கடற்பறவை ஒன்று முட்டையிடுகிறது. வருஷம் ஒரேயொரு முட்டை. பகலில் வெளியே வராது. அதனால் பொந்தின் வாயில் தொலைபேசியை வைத்து அந்தப் பறவையின் சத்தத்தைப் போடுவாள். உள்ளே பறவை இருந்தால் பதில் சொல்லும். பதில் வந்த பொந்துக்குக் கொப்பியில் ஒரு கோடு.

“கையை இதில வையுங்கோ அம்மா.”

கல் குளிர்ந்து கிடந்தது. சத்தத்தைப் போட்டாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு சுவருக்குள்ளிருந்து, தையல் மெஷின் ஓடி நடுவில் விக்கல் எடுத்ததுபோல ஒரு சத்தம் வந்தது. நான் கையை இழுத்துவிட்டேன்.

“பயந்திட்டீங்களோ? அது முட்டையில இருக்குது.”

“இந்தப் பொந்துக்குள்ள பூனை, எலி ஒண்டும் வராதோ?” என்று சும்மாதான் கேட்டேன்.

“இந்தத் தீவில எலியும் இல்லை, சுண்டெலியும் இல்லை. அதாலதான் இதுகள் இஞ்ச இருக்குதுகள். குட்டி போடப்போற ஒரு சுண்டெலி இறங்கினாலும் காணும். இந்தச் சுவருக்குள்ள அது எங்கயும் போகும். முட்டையையும் தின்னும், குஞ்சையும் உயிரோட தின்னும். கொஞ்ச வருஷத்தில சுவர் வெறுஞ்சுவர்தான். அதுக்குத்தானே அந்தச் சோதனை.”

பிறகு, அடுத்த வருஷமும் தன்னைக் கூப்பிடுவதாக மேலதிகாரி சொல்லியிருக்கிறார், கோடை முடியக் கடிதம் வரும் என்று சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை, எங்கள் வீட்டில் நான் கண்டதில்லை.

எனக்கு மாவின் நினைப்பு வந்தது. தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

அறைக் கதவைச் சாத்தி, கம்பளிச் சட்டையை விரித்தேன். மாப்பையின் ஒரு மூலை பிய்ந்திருந்தது. கிழிந்ததில்லை, எதுவோ கொறித்தது. நூல் நூலாகத் தொங்கியது. சட்டையின் மடிப்பில் மா கொட்டியிருந்தது. அந்த மாவுக்குள் கருஞ்சீரகம்போல எட்டுப் பத்து மணிகள். மச்சாள் மாவுக்குள் கருஞ்சீரகம் போடுகிறவள் இல்லை.

நான் சூட்கேஸைப் பட்டென்று மூடி அதற்கு மேல் ஏறி இருந்துவிட்டேன். ஏன் இருந்தேன் என்று கேட்டால் தெரியாது. உள்ளே ஏதாவது இருந்தால் வெளியே வரக்கூடாது. ஆனால் நான் மூட முதலே அது வெளியே போயிருந்தால்? ஜன்னல் இரண்டு விரல் அளவு திறந்திருந்தது. எழும்பி அதைச் சாத்தினேன். சாத்தியதும், இப்போது வெளியே போகவிருந்ததை அறைக்குள் அடைத்தேனா, போனபிறகு சாத்தினேனா என்று அடுத்த பயம். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அலுமாரிக்குப் பின்னால் பார்த்தேன். என் காலுறையின் நிழல் அசைந்ததற்கே வாயைப் பொத்திக்கொண்டேன்.

மகள் சாப்பிடக் கூப்பிட்டாள். போனேன். மேலதிகாரி மீன் கட்லட்டை ஒவ்வொன்றாக ஐந்து சாப்பிட்டார். “அம்மா, உங்களைத் தத்தெடுக்கலாமோ எண்டு கேக்கிறா,” என்று மகள் மொழிபெயர்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் காது முழுக்கச் சுவர்ப்பக்கம் இருந்தது.

தீவில் தொலைபேசி எடுபடுகிற ஒரே இடம் மடத்தின் மேற்கு மூலை. மறுநாள் காலை ஆறரைக்கே போய் நின்று கணவரை அழைத்து எழுப்பினேன்.

“நிலவறைக்குப் போய்ப் பாருங்கோ. எங்கட அரிசி மூட்டையைப் பாருங்கோ. இப்பவே போங்கோ.”

“என்னப்பா, இரவு பன்னிரண்டு மணிக்குத்தானே வேலையால வந்தனான்…”

“போங்கோ எண்டிறன்!”

பத்து நிமிஷம் கழித்து அவரே எடுத்தார். குரலில் நித்திரை போயிருந்தது. “மூட்டை ஓட்டைதான். நிலமெல்லாம் புழுக்கை. இப்ப என்ன?”

நான் நடந்ததைச் சொன்னேன்.

“அப்ப சுண்டெலி இஞ்சதான் நிக்குது. மூட்டையைத் திண்டது இஞ்ச நிக்கும். நீர் மாவோட கொண்டுபோனது புழுக்கையை மட்டும்.”

“ஒண்டுதான் எண்டு உங்களுக்கு யார் சொன்னது?”

“சரி, இரண்டு. இரண்டும் இஞ்ச. கதையைக் கேளும். பையைக் கல்லில கட்டிக் கடலில போட்டிட்டு வாயை மூடிக்கொண்டு வாரும். பிள்ளை கையெழுத்து வச்சிருக்கிறாள் எண்டிறீர். இது வெளியால வந்தால் அவளின்ர வேலை போகும். உம்மட மாவோ, எங்கட பிள்ளையோ?”

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதே யோசனை எனக்கும் முதல்நாள் மாலையிலிருந்தே இருந்தது. கடல் முப்பது அடி தூரத்தில் கிடந்தது. அகதிக் காலத்திலிருந்து நாங்கள் கற்றதும் அதுதான்: கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதே, தாளில் பெயர் ஏறவிடாதே. பையைப் போட்டால் எல்லாம் முடியும். அறைக்குள்ளோ சுவருக்குள்ளோ ஒன்று ஓடினால்தான் முடியாது. அது ஓடினால், அடுத்த வருஷம் இதே பிள்ளை இதே சுவரில் குந்தியிருந்து பொந்து பொந்தாகச் சத்தத்தைப் போட்டுக்கொண்டு போவாள். பதில் வராது. ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கல்வீட்டுக்குப் போனேன். மகள் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் நிலத்திலேயே இருந்து சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. முகம் வெளிறிப்போய், வேலை நேரத்துக் குரலில் கேட்டாள்.

“எத்தினை மணிக்குத் திறந்தனீங்கள்?”

“நாலு… நாலரை இருக்கும்.”

“ஜன்னல்?”

“கொஞ்சம் திறந்து கிடந்தது.”

“கதவுக்குக் கீழ இடைவெளி இருக்கு. இரவும் அந்த அறைக்குள்ளதான் படுத்தனீங்களோ? சூட்கேஸோட?”

“ஓம்.”

“பதினைஞ்சு மணித்தியாலம் அம்மா,” என்றாள். “பதினைஞ்சு மணித்தியாலமாத் தெரிஞ்சும் இருந்திருக்கிறீங்கள்.” அதற்குமேல் தமிழில் ஒன்றும் வரவில்லை. சுவிஸ் ஜெர்மனில் தனக்குள்ளே ஏதோ சொல்லிக்கொண்டு எழும்பி மேலதிகாரியிடம் போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் ஆங்கிலத்தில் சொல்வது கேட்டது. இடையில் அழுகிறாள் என்று தெரிந்தது. நான் உள்ளே போகத் துணியவில்லை.

மேலதிகாரி வந்து என்னை ஒருமுறை பார்த்தார். திட்டவில்லை. அதுதான் அதிகம் பயமாக இருந்தது. கையுறை போட்டார்கள். சூட்கேஸைப் பெரிய பொலித்தீனுக்குள் முழுதாக இறக்கி, தகர அறைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு உடுப்பாக உதறினார்கள். சுண்டெலி இல்லை. உயிரோடும் இல்லை, செத்தும் இல்லை. அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பிறகு அறையை அடைத்தார்கள். பொறி வைத்தார்கள். சொக்லேட் வாசம் போட்ட மெழுகுக் கட்டிகளை வீட்டைச் சுற்றியும் மடத்துச் சுவர் நீளத்துக்கும் வைத்தார்கள். சுண்டெலி இருந்தால் அதைக் கொறிக்காமல் விடாதாம். பல் அடையாளம் விழும். ஆறு வாரத்துக்கு அந்தக் கட்டிகளை விடாமல் பார்க்கவேண்டும். ஒவ்வொரு கட்டியையும் மகள்தான் வைத்தாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். தொண்ணூற்றாறு கட்டி. அவள் என்னோடு பேசவில்லை. ஒரு இடத்தில் மட்டும், வழுக்குகிற பாறையில், பார்க்காமலே கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பொறி வெறுமை, மெழுகில் ஒன்றுமில்லை. “ஒரு நாளில ஒண்டும் சொல்லேலாது,” என்றாள்.

படகு வர முதல் மேலதிகாரி தகர அறையில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு நின்றார். நடந்ததைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதவேண்டும். மகள் தன் பெயரை எழுதப்போனாள், சோதனை செய்தது தான்தான் என்று.

“இல்லை,” என்றேன். “அவவுக்குச் சொல்லு. ஒளிச்சது நான். நீ கேட்டனீ, நான் இல்லை எண்டனான். அதை எழுதச் சொல்லு. கையெழுத்து நான் வைக்கிறன்.”

“அம்மா, உங்களுக்குத் தெரியாது, இது…”

“எனக்குத் தெரியாதுதான். எழுதச் சொல்லு.”

மகள் மொழிபெயர்த்தாள். மேலதிகாரி ஒரு வரியை வெட்டி வேறு எழுதி, தாளை என் பக்கம் திருப்பினார். முப்பது வருஷத்தில் என் கணவர் வாசித்துச் சொல்லாத ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. எந்த இடத்தில் வைப்பது என்று மகள் விரலால் காட்டினாள். என் பெயரின் கடைசி எழுத்துக் கோட்டுக்குக் கீழே போய்விட்டது.

திரும்பி வந்து நிலவறையைக் கழுவித் துடைத்தேன். மூட்டையை எறிந்தோம். கட்டிடப் பராமரிப்பாளரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு பொறி வைத்தார். மூன்று பிடிபட்டன. மூன்றையும் கணவர் படம் எடுத்து எனக்குக் காட்டினார், “பாரும், எல்லாரும் இஞ்சதான்” என்று. எத்தனை இருந்தது என்று தெரியாமல் மூன்றை வைத்து நான் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளின் செய்தி வரும். “ஒண்டுமில்லை.” அவ்வளவுதான் எழுதுவாள். அந்தச் சொல் வரும்வரை நான் தொலைபேசியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமைப்பேன்.

நாலாவது வாரம், ஒரு செய்தி செவ்வாய்க்கிழமையில் வந்தது. நான் வேலையில், ஓர்லிகோன் ஸ்ரேஷனுக்குப் பக்கத்து அலுவலகத்தில், மூன்றாம் மாடியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். படம். மெழுகின் ஓரத்தில் ஒரு கீறல். கீழே, “அடையாளம் ஒண்டு இருக்கு. பல் அடையாளம் தெரிஞ்ச நிபுணருக்குப் படம் அனுப்பியிருக்கினம். பதில் வர இரண்டு நாள் செல்லும்.”

யாரோ ஒருவரின் கதிரையில் இருந்துவிட்டேன். அந்த வேலையில் பதினாறு வருஷத்தில் ஒருநாளும் அவர்களின் கதிரையில் இருந்ததில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கினால் எல்லாக் கீறலும் பல்லாகத்தான் தெரிகிறது. அன்றும் மறுநாளும் கணவர் ஒரு பகிடியும் விடவில்லை. அவர் பகிடி விடாததே எனக்கு நடுக்கமாக இருந்தது. புதன் பின்னேரம் ட்ராமில் வரும்போது, சுவருக்குள் உயிரோடு இருக்கிற குஞ்சை ஏதோ கொறிக்கிற சத்தம் என் காதில் கேட்டு, இரண்டு தரிப்பிடம் முந்தியே இறங்கி நடந்தேன்.

வியாழன் மதியம் அவள் அழைத்தாள். நத்தையாம். ஓடில்லாத நத்தை மெழுகைச் சுரண்டினால் அப்படித்தான் இருக்குமாம், சுண்டெலியின் பல் அடையாளம் இல்லையாம். சொல்லிவிட்டு அவளும் மூச்சுவிட்டாள். இரண்டு நாளாக அவளும் சாப்பிடவில்லை என்பது அந்த மூச்சில் தெரிந்தது.

ஆறாவது ஞாயிறு, மெழுகு முழுதும் சுத்தம். மேலதிகாரி கடிதத்தை எழுதிவிட்டார். அடுத்த கோடைக்கும் மகளுக்கு இடம் உண்டு. விருந்தினர் இனிமேல் பகலில் வந்து பகலிலேயே போகவேண்டும், கையில் தண்ணீர்ப் போத்தல் மட்டும் என்று புதுச் சட்டம் போட்டிருக்கிறாராம்.

“அது என்னாலதானே?”

“ஓம். உங்களாலதான்.” குரலில் கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனாலும் பேசிக்கொண்டிருந்தாள். “நாளைக்குக் கட்டியளை எல்லாம் எடுக்கப்போறம் அம்மா. முடிஞ்சுது.”

நான் சந்தோஷப்பட வேண்டும். வாயில் வந்தது வேறு.

“பிள்ளை, இன்னும் ஒரு கிழமை வச்சுப் பாருங்கோவன்.”

அந்தப் பக்கம் காற்றோடு கொப்பியின் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“சரி,” என்றாள். “வைக்கிறன்.”